தோளில் ஏறிய முயல்

லுகுவாலியம்
ஏப்ரல், ஆடுகள் குட்டி போடும் வாரம்

தங்கை பிரிக்காவுக்கு அக்கா மத்துனா எழுதுவது. நான் நலம். குளிர்காலத்தில் வந்த இருமல் மட்டும் அழையாத விருந்தாளி மாதிரி இன்னும் தங்கியிருக்கிறது. நீயும் குழந்தை லொசியாவும் நலம்தானே? உன் வீட்டுக்காரரும் நலமாக இருக்கட்டும். கேட்காமல் விட்டால் அது ஒரு குற்றமாகிவிடும்.

முதலில் இதை உனக்குப் படித்துக்காட்டும் கணக்கர் சாட்டோவுக்கு ஒரு வார்த்தை. ஐயா, எழுதியதை எழுதியபடி படியும். போன தடவை உம் எஜமானரை நான் ‘வெப்போ’ என்று எழுதியதை நீர் ‘மாண்புமிகு விக்டோரினுஸ்’ என்று படித்தீராம். வண்டிக்காரர் தாகோ சொன்னார். அவன் பிறந்தது வெப்போவாகத்தான். சிறுவயதில் தெற்கே ரோமானியரிடம் படிக்கப் போய் விக்டோரினுஸாகத் திரும்பி வந்தான் என்றால் அதற்கு நான் என்ன செய்ய?

ஆனால் பிரிக்கா, இன்று அவனைத் திட்ட மனம் வரவில்லை. அவன் முத்திரையோடு ஒரு ஆர்டர் வந்திருக்கிறது. தோளில் மேலாடையைப் பிடிக்கக் குத்தும் முயல் ஊக்குகள், நாற்பது! ஓடுகிற தாய் முயல், வயிற்றுக்குள் இரண்டு குட்டிகள், உடம்புக்குச் சிவப்பு, குட்டிகளுக்கு நீலம். அம்மா குத்தியிருந்த அதே முயல். நம் பேச்சைக் கேட்டாலே மூக்கைச் சுளிப்பவன் நாற்பது பேர் தோளில் நம் முயலை ஏற்றப்போகிறானாம். ஊரில் மழை கொட்டப்போகிறது, துணியை எல்லாம் உள்ளே எடுத்து வை.

இங்கே ஒரு கூத்து. போன வாரம் ஸ்பெயின் நாட்டுக் கிழட்டுச் சிப்பாய் ஒருவன் என்னிடம் முயல் ஊக்கு வாங்கி, கடையிலேயே குத்திக்கொண்டு, எதிர்ச் சாராயக்கடையில் போய் முயல் கறி கேட்டிருக்கிறான். கடைக்காரி அகப்பையைத் தூக்கிவிட்டாள். “நாலு பேர் பாக்க முயலக் குத்திக்கிட்டா அது சத்தியம்யா! அப்புறம் முயலு உன் வாய்க்குள்ள போகக்கூடாது. திங்கணும்னா, அதே நாலு பேரையும் கூட்டிவச்சு அவங்க முன்னாடி கழட்டிப் போட்டுட்டு வா.” அவன் பாவம், “இது என்ன ஊருடா சாமி” என்று பன்றிக்கறி தின்றுவிட்டுப் போனான்.

அச்சுகளை எடுத்துத் துடைத்துவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் மத்துனா


இசூரியம்
மே நடுவில்

அக்காவுக்கு, எல்லா நலமும் உன்னிடம் தங்கட்டும். நாங்கள் நலம். லொசியாவுக்கு முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. இருமலுக்குத் தேனும் பார்லிக் கஞ்சியும் குடி.

உன் கடிதத்தைச் சாட்டோ படித்தார். என் கணவர் ஆர்டர் பற்றிய வரிகளை மட்டும் கேட்டுக்கொண்டார். மற்றதெல்லாம் பெண்கள் பேச்சு, அதைக் கேட்க அவருக்கு நேரமில்லை. நான் அனுப்புகிற கடிதங்களை மட்டும் அவரே படித்துப் பார்த்து முத்திரை வைக்கிறார். எனக்குப் பிழை வரக்கூடாது என்ற அக்கறைதான்.

அறுவடை முடிந்ததும் வீட்டில் பெரிய விருந்து. தெற்கிலிருந்து வரி அதிகாரி வருகிறார். நகர்மன்றத்தில் என் கணவருக்கு ஓர் இடம் கிடைக்கும் போலிருக்கிறது. ஊக்குகள் விருந்தாளிகளுக்கான பரிசு, தெற்கத்தியருக்கு இந்த வேலைப்பாடு மிகவும் பிடிக்குமாம். பின்கட்டில் புதிதாக ஒரு வேலி போட்டிருக்கிறார்கள். வீட்டில் இப்போது எல்லோரும் லத்தீன் மட்டுமே பேசுகிறோம். லொசியாவோடு மட்டும் நான் நம் பேச்சு பேசுவேன், அதுவும் தோட்டத்தில்.

வேறு செய்தி இல்லை.

பிரிக்கா


லுகுவாலியம்
ஜூன் தொடக்கம்

பிரிக்காவுக்கு. நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்: நலமா?

வேறு செய்தி இல்லை என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? சரி, கை சாட்டோவுடையது. வாய் எப்படி வந்தது?

தாகோ நேற்றுத் தகரமும் கரியும் இறக்க வந்தார். அவர் வாயில் எதுவும் தங்காது என்பது தெரிந்ததுதானே. “ஏம்மா மத்துனா, உன் தங்கச்சி வீட்டுப் பின்கட்டுல அந்த வேலி எதுக்குன்னு தெரியுமா? உள்ள பூரா முயலு! தீனி போட்டுக் கொழுக்க வைக்கிறாங்க. விருந்துக்கு அதுதான் கறி” என்றார். நான் சிரித்தேன், நம்பவில்லை. பிறகு மீதியையும் சொன்னார். முதல் வாயை லொசியா தின்ன வேண்டுமாம், எல்லோர் கண் முன்னாலும். முயல் தின்னாமை போன்ற பழைய பழக்கங்களை இந்த வீடு கழுவி ஊற்றிவிட்டது என்று அதிகாரி பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டுமாம். நீ தடுத்தால் குழந்தையை வெப்போ லண்டனியத்தில் இருக்கும் தன் அக்காவிடம் வளர்க்க அனுப்பிவிடுவானாம், நீ இனி அவளைப் பார்க்கவே முடியாதாம். நீ சமையலறையில் நின்று அழுததைத் தாகோ தன் கண்ணால் பார்த்தாராம்.

எனக்கு வயிறு எரிகிறது, பிரிக்கா. நான் உட்கார்ந்து உட்கார்ந்து வண்ணக் கண்ணாடியை அரைத்து ஊக்குகளின் குழிகளை நிரப்பிக்கொண்டிருப்பது இந்த விருந்துக்கா? பாதி ஊக்குகள் சூளையிலிருந்து வந்துவிட்டன. மீதியைச் செய்யமாட்டேன். வெப்போ என்னை என்ன செய்துவிடுவான்? வழக்கு போடட்டும். என் கடையைத் தலையில் தூக்கிக்கொண்டு போகட்டும்.

லொசியாவைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிடு. ஒரு வார்த்தை சொல், தாகோவின் வண்டியில் நானே வருகிறேன்.

மத்துனா


இசூரியம்
ஜூன் கடைசி

அக்காவுக்கு வணக்கம். நாங்கள் நலம். நீ நலமா?

என்னால் வர முடியாது. குழந்தையோடு வாசலைத் தாண்ட எனக்கு அனுமதி இல்லை. வண்டிக்காரர் மிகைப்படுத்திப் பேசுகிறவர். ஊக்குகளைத் தயவுசெய்து முடித்துக் கொடு. குறையாமல் நாற்பது வேண்டும். என் கணவரின் விருப்பம் அது. என் விருப்பமும் அதுதான்.

பிரிக்கா


லுகுவாலியம்
ஜூலை

பிரிக்காவுக்கு.

உன் விருப்பமும் அதுதானா? இந்த வரியை இரண்டு தரம் படித்தேன். பிறகு கடிதம் எழுதிய மரப்பலகையை அடுப்பில் போட்டுவிட்டேன். நன்றாக எரிந்தது.

நீ சிறுமியாக இருந்தபோது நம் தோட்டத்துக் கோஸை ஒரு முயல் தின்றுகொண்டிருந்தது. அப்பா கல்லை எடுத்தார். நீ ஓடிப்போய் அதற்கு முன்னால் கையை விரித்து நின்றாய். கல் உன் முழங்காலில் பட்டது. அழாமல் அப்பாவை முறைத்தாயே, அந்தப் பெண் எங்கே போனாள்? சலவைக்கல் தரையும் வெந்நீர்க் குளியலும் அவளைத் தின்றுவிட்டனவா?

ஒன்று கேட்கிறேன், பதில் சொல். முயலைத் தோளில் குத்திக்கொண்டு முயலைத் தின்றவர் நம் மக்களில் யாராவது உண்டா? இன்றுவரை ஒருவர் உண்டா? சிறுவயதிலேயே தெற்கே போன வெப்போவுக்கு அந்தச் சத்தியம் தெரியாது, உனக்குமா தெரியாது? அந்தப் பட்டினத்து லத்தீன் கனவான்களைச் சுரண்டிப் பார், அடியில் நம் ஆட்கள்தான். அவர்களின் பெண்டாட்டிகள் நம் பெண்கள். அத்தனை பேர் தோளிலும் நம் முயலைக் குத்திவிட்டு, அத்தனை பேர் தட்டிலும் முயலை வைக்கப்போகிறாய். இதைவிட அசிங்கத்தை நான் கேட்டதில்லை.

இந்தக் கைகளால் அதைச் செய்யமாட்டேன். நீயும் இனி எழுதாதே. எனக்குத் தங்கை இல்லை என்று நினைத்துக்கொள்கிறேன்.

மத்துனா


இசூரியம்
ஆகஸ்ட், அறுவடை நடக்கிறது

அன்புள்ள அக்காவுக்கு, நீ எழுதாதே என்று சொன்ன பிறகும் பிரிக்கா எழுதுவது. உன் இருமல் குறைந்ததா?

உன் கேள்வியைச் சாட்டோ எனக்கு மெதுவாக, இரண்டு தடவை படித்துக்காட்டினார். நல்ல கேள்வி. நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பதில் விருந்தன்று எல்லோர் முன்னிலையிலும் கிடைக்கும்.

எனவே வேலையை முடித்துக் கொடு. சில குறிப்புகள்: ஊக்கு பெண்களுக்கு மட்டுமல்ல, ஆண்களுக்கும்தான். ஒருவர் விடாமல் எல்லோருக்கும் வேண்டும். விருந்தாளிகள் சாப்பிட உட்காரும் முன்பே வாசலில் நானே என் கையால் குத்திவிடப் போகிறேன். அதிகாரிக்கு முதலில், பிறகு என் கணவருக்கு. இப்படி மரியாதை செய்யலாம் என்று நான் சொன்னதும் என் கணவர் மிகவும் மகிழ்ந்தார். என்னை இத்தனை நாள் தவறாக நினைத்துவிட்டதாகவும் சொன்னார். ஊசியும் அதை மாட்டுகிற கொண்டியும் உறுதியாக இருக்கட்டும். குத்தியது எளிதில் கழன்று வரக்கூடாது. லொசியாவுக்கு மட்டும் சிறிதாக ஒன்று செய்.

நீ என் மேல் கோபமாக இருப்பதால் முயலின் கண் கோணலாகிவிடப் போகிறது. நிதானமாகச் செய்.

தங்கை பிரிக்கா


லுகுவாலியம்
செப்டம்பர் தொடக்கம்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை விக்டோரினுஸ் அவர்களுக்கும், என் அருமைத் தங்கைக்கும், மத்துனா பணிவோடு எழுதுவது. நான் நலம். என் இருமல் மாயமாகப் போய்விட்டது.

கணக்கரே, இந்தக் கடிதத்தை முழுவதுமாகவே மாப்பிள்ளைக்குப் படித்துக்காட்டலாம்.

முன்பு ஏதோ வயிற்றெரிச்சலில் தாறுமாறாக எழுதிவிட்டேன். நான் அதிகம் படிக்காதவள், சூளைப் புகையில் புத்தி மங்கிப்போகிறது. மாப்பிள்ளை பெரிய மனதோடு மன்னிக்க வேண்டும். நாற்பது ஊக்குகளும் இந்த வண்டியில் வருகின்றன, சிறியது தனியே ஒரு துணியில் இருக்கிறது. சிவப்பு கொஞ்சம் படுத்தியது. சூளையில் காற்றுப் புகுந்தால் அது கல்லீரல் நிறத்துக்குப் போய்விடும். கறுத்தவற்றைச் சுரண்டி மறுபடி நிரப்பிச் சுட்டேன். எல்லாம் இப்போது பற்றி எரிகிற சிவப்பு.

கொண்டிகளைத் தங்கை கேட்டபடியே இறுக்கிவிட்டேன். கழற்ற இரண்டு கையும் வேண்டும், கொஞ்சம் பல்லும் வேண்டும். மேசையில் உட்கார்ந்தபடி யாரும் சத்தமில்லாமல் கழற்றிவிட முடியாது. விலை உயர்ந்த பொருள் விழுந்து தொலைந்துவிடக் கூடாதல்லவா?

மாப்பிள்ளைக்கான முயலை நானே தேர்ந்தெடுத்துச் சிவப்புத் துணியில் கட்டியிருக்கிறேன். எல்லாவற்றிலும் பெரியது. தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரியும்.

இவ்வளவு நல்ல விருந்து நம் குடும்பத்தில் நடந்ததில்லை.

பணிவுள்ள மத்துனா


இசூரியம்
செப்டம்பர் கடைசி

மத்துனா அம்மாளுக்கு, விக்டோரினுஸ் வீட்டுக் கணக்கர் சாட்டோ. நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

ஊக்குகள் வந்து சேர்ந்தன. எண்ணிப் பார்த்தேன், சரியாக இருக்கின்றன. ஆனால் எனக்கு ஒன்று குறைகிறது. நான் கடலுக்கு அந்தப் பக்கம் ‘கால்’ என்னும் நாட்டில் பிறந்தவன். சிறுவனாகவே விற்கப்பட்டுப் பின் விடுதலை பெற்றவன். என் தாயும் முயல் தின்றதில்லை என்று நினைவு. ஒன்று அனுப்புங்கள். இதை எஜமானரின் கணக்கில் எழுத வேண்டாம், என் கணக்கில் எழுதுங்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதங்களில் ஆர்டர் பற்றிய வரிகளை மட்டுமே எஜமானருக்குப் படிக்க எனக்கு உத்தரவு. நான் உத்தரவை மீறாதவன்.

சாட்டோ


லுகுவாலியம்
நவம்பர் தொடக்கம்

பிரிக்காவுக்கு அக்கா எழுதுவது.

சாட்டோவின் ஊக்கை அன்றே அனுப்பினேன். விருந்து முடிந்து எத்தனை நாளாயிற்று! உங்கள் ஊரிலிருந்து வண்டி மேல் வண்டியாக வருகிறது, கடிதம் மட்டும் வரவில்லை. தாகோவும் காய்ச்சலில் படுத்துவிட்டார். வருகிற வண்டிக்காரர்களை எல்லாம் மறித்துக் கேட்கிறேன். “பெரிய வீட்டு விஷயம் எங்களுக்கு எங்க தெரியும்” என்கிறார்கள்.

உன்னைக் கண்டபடி பேசினேன். அதை விடு. நீ நலமா? லொசியா எங்கே இருக்கிறாள்? அந்த ஒன்றை மட்டும் எழுது. இரண்டு சொல் போதும்.

மத்துனா


இசூரியம்
நவம்பர் நடுவில்

என் அக்காவுக்கு, பிரிக்கா சொல்லச் சொல்லச் சாட்டோ எழுதுவது. இந்தக் கடிதத்தை வேறு யாரும் படித்துப் பார்க்கவில்லை. முத்திரை நானே வைக்கிறேன். நான் நலம். விருந்துக்குப் பிறகு சாட்டோவின் மையையும் பலகைகளையும் பூட்டி வைத்திருந்தார்கள். அதனால்தான் தாமதம்.

வாசலில் நின்று நானே எல்லோருக்கும் குத்தினேன். அதிகாரி தோளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ரோமில்கூட இப்படி வேலைப்பாடு இல்லை என்றார். என் கணவருக்குக் குத்தியபோது எல்லோரும் கைதட்டினார்கள். நகர்மன்றத் தலைவரின் மனைவி செனோவரா அம்மாள் மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஏம்மா, சமையல் என்ன?” என்று காதோரம் கேட்டார். “உள்ள வாங்கம்மா, தெரியும்” என்றேன். அவர் என் பக்கம் தோளைக் காட்டினார். “நல்லா இறுக்கிக் குத்து” என்றார்.

சிப்பி வந்தது, மீன் வந்தது. பிறகு பெரிய தட்டுகளை மூடிக் கொண்டுவந்து வைத்தார்கள். மூடியை எடுத்ததும் முயல்கள், முழுசாக, தேனும் மீன்சாறும் ஊற்றி. பெண்கள் பக்கம் பேச்சு சட்டென்று நின்றது. ஆண்களில் பலர் தட்டைப் பார்த்தார்கள், தோளைப் பார்த்தார்கள், பிறகு கூரையைப் பார்த்தார்கள். என் கணவர் ஒன்றையும் கவனிக்கவில்லை. ஒரு துண்டைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டு லொசியாவைக் கூப்பிட்டார்.

எனக்குப் பயம்தான் அக்கா, மறைக்கமாட்டேன். ஆனால் குழந்தை நாற்காலியிலிருந்து இறங்குவதைப் பார்த்ததும் எழுந்துவிட்டேன். அந்த அறையில் லத்தீன் தவிர வேறு பேசக்கூடாது. நான் நம் பேச்சில் பேசினேன்.

“எல்லாரும் கொஞ்சம் உங்க தோளப் பாருங்க. வயித்துல குட்டிங்களோட ஓடுற தாய் முயலு. நான்தான் குத்திவிட்டேன். ஒருத்தர் குத்திக்கிட்டத மத்தவங்க அத்தன பேரும் பாத்தீங்க. இதுக்கு என்ன அர்த்தம்னு உங்க யாருக்கும் நான் சொல்லித்தர வேண்டியதில்ல. இப்ப திங்கறவங்க தாராளமாத் திங்கலாம். யாரு மொதல்ல?”

செனோவரா அம்மாள் தன் தட்டை ஒரே தள்ளாகத் தள்ளினார். “என் வாய் மூடியாச்சு” என்றார், சத்தமாக, நம் பேச்சில். அவர் கணவர் அதற்குள் ஒரு துண்டைக் கையில் எடுத்திருந்தார். சூடு பார்க்கத்தான் எடுத்தேன் என்பது போல அதைத் திரும்ப வைத்துவிட்டு விரலை ரொட்டியில் துடைத்துக்கொண்டார். அப்புறம் மேசை நெடுகத் தட்டு தள்ளுகிற சத்தம்தான். சுவரோரம் நின்ற சாட்டோகூட, தனக்குத் தட்டு இல்லையே என்று கையிலிருந்த தண்ணீர்க் குடத்தைக் கீழே வைத்தார். (இதை எழுதும்போது அவர் சிரிக்கிறார்.)

லொசியா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அப்பா முன்னால் நின்றாள்.

அதிகாரி மட்டும் தின்றார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நாற்பது பேர் தன் வாயையே பார்ப்பதைக் கண்டு, கொஞ்ச நேரத்தில் அவரும் தட்டை நகர்த்தி, பன்றி ஏதாவது உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். காலையிலிருந்தே கொல்லையில் ஒரு பன்றியைச் சுடச் சொல்லியிருந்தேன். நல்ல பன்றி. எலும்புகூட மிஞ்சவில்லை.

இதெல்லாம் விருந்து. அடுத்த நாள் காலைதான் உண்மையான காலை.

என் கணவர் முற்றத்தில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். லொசியாவின் துணிமூட்டை அதில் ஏறிவிட்டது. நான் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கோவேறு கழுதைக்கு முன்னால் போய் நின்றேன். ஏற்று என்று லத்தீனில் சொன்னார். “ஏத்தமாட்டேன்” என்றேன். நீயும் வீட்டைவிட்டு வெளியே போ என்று லத்தீனில் சொன்னார்.

“போமாட்டேன். நேத்து சத்தியம் பண்ணவங்கள்ல நீங்களும் ஒருத்தர். தாயையும் குட்டிங்களையும் தோள்ல சுமந்துக்கிட்டா என்னையும் இவளையும் பிரிப்பீங்க? வேணும்னா அந்த நாப்பது பேரையும் மறுபடி கூப்பிடுங்க. அவங்க முன்னாடி உங்க தோள்ல இருக்கறதக் கழட்டிப் போடுங்க. போட்டுட்டு, அவங்க பாத்துக்கிட்டு இருக்கறப்பவே என் புள்ளைய வண்டியில ஏத்துங்க. அந்தத் தைரியம் வர்ற வரைக்கும் இவ என் இடுப்பவிட்டு இறங்கமாட்டா.”

அவர் முகம் கறுத்தது. கழுதையின் கயிற்றைப் பிடித்து இழுத்தார். கழுதை நகர்ந்தது, நான் நகரவில்லை. அதன் மூச்சு என் கழுத்தில் பட்டது. அப்போது அவர் கத்தினார்.

“தள்ளுடி! நசுங்கிச் சாகப்போறீங்க ரெண்டு பேரும்! தள்ளுடி பைத்தியக்காரி!”

நம் பேச்சில், அக்கா. மலைக்காட்டு இடையர்கள் கத்துவது போல, அவர் பிறந்த ஊரின் இழுப்போடு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து நம் பேச்சை நான் கேட்டதே இல்லை.

லொசியா என் தோளிலிருந்து தலையைத் தூக்கினாள். அழுகையெல்லாம் நின்றுவிட்டது. “அம்மா, அப்பாவுக்கு நம்ம பேச்சு தெரியுமா?” என்று கேட்டாள்.

அவர் கயிற்றை விட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் உள்ளே போனார். தோளில் அந்தப் பெரிய முயல் அப்போதும் இருந்தது. கழற்றியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். நீ வைத்த கொண்டிக்குப் பல் வேண்டும்.

கழுதையை அவிழ்த்துக் கொட்டிலில் கட்டியது நான்தான். மூட்டையை இறக்கியதும் நான்தான். லொசியா என்னோடுதான் இருக்கிறாள். இனி இந்த வீட்டில் எந்த அறையிலும் அவளோடு நம் பேச்சுதான் பேசுவேன். கேட்கப் பிடிக்காதவர்கள் தோட்டத்துக்குப் போகட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை பிரிக்கா